வெயிலில் விறைத்த நாதஸ்வரம்

என் அக்காவின் கல்யாணத்தில் நாதஸ்வரத்தின் வாயை அடைத்தவன் நான்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. (ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அக்காவே சொல்லிவிட்டாள்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் விற்பனையாளன். டை கட்டுவேன், தலைக்கு ஜெல் தடவுவேன், யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'டென்டல் லைன்' என்பேன். கேட்டவர்கள் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் திருத்த மாட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் நிறுவனத்துக்குப் புதுச் சாமான் ஒன்று வந்தது. ஒளி பட்டால் இறுகும் பசை. பற்பசையைவிடத் திண்ணமாக இருக்கும். சொட்டாது, வழியாது, வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன்மேல் துப்பாக்கி மாதிரியான ஒரு விளக்கால் நீல வெளிச்சத்தை நாற்பது விநாடி பாய்ச்சினால் போதும், இறுகிவிடும். அதிலும் வகை உண்டு. மஞ்சள் மூடி போட்ட குழாயில் இருப்பது இறுகினாலும் ரப்பர் மாதிரி வளையும். சிவப்பு மூடி போட்டது கல். இரண்டையும் கலந்தால் நடுவில் எந்தப் பதம் வேண்டுமோ அந்தப் பதம். வெளிச்சத்தைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே நின்றுவிடும்.

இதையெல்லாம் டாக்டர்களிடம் செய்து காட்டுவதற்கு எனக்கு ஓர் இரும்புப் பெட்டி கொடுத்தார்கள். தூக்கினால் தோள் இறங்கும். உள்ளே துப்பாக்கி, குழாய்கள், கண்ணுக்குப் போட ஆரஞ்சு நிறக் கண்ணாடி. 'எவ்வளவு கெட்டி வேணும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர், மிச்சத்த பசை பாத்துக்கும்' என்பது நானே எழுதி மனப்பாடம் செய்த வசனம். செராஸிலிருந்து கிள்ளான் வரை ஒரு டாக்டரையும் விடவில்லை.

வீட்டையும் விடவில்லை. அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் காலை ஒட்டினேன். செருப்பு வாரை மஞ்சளால் ஒட்டினேன். அம்மாவின் மிக்ஸி மூடிக்குச் சிவப்பு. ஒட்டிய அத்தனையும் நன்றாக ஒட்டிக்கொண்டது, அதுதான் வினையாகப் போயிற்று. ஒன்றாவது பிய்ந்து விழுந்திருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்கும்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா பெயர் மல்லிகா. அவளும் ரவி அத்தானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள், ஒருவரையொருவர் விரும்பினார்கள். அத்தான் வீட்டார் பிரிக்பீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பம். நாங்கள் கிள்ளான். எங்கள் சொந்தக்காரர்கள் 'சிலோன்காரங்க வீட்டுலயா' என்று முணுமுணுத்தார்கள். அந்தப் பக்கம் என்ன முணுமுணுத்தார்களோ, எங்கள் காதுக்கு வரவில்லை. இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் அத்தானின் அப்பா, அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். நகை, சீர் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும்போது மட்டும் சொன்னார்.

“எனக்கு ஒண்டும் வேண்டாம். மேளம் மட்டும் நல்லா இருக்கோணும். தாலி ஏறேக்க நாயனம் காதில விழோணும்.”

அவ்வளவுதான் நிபந்தனை. சங்கீதத்தில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம் என்று அத்தான் பிறகு சொன்னார். ஒரு கல்யாணத்தில் நாயனம் சரியில்லை என்று சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டாராம், அது சொந்தத் தம்பி மகள் கல்யாணம்.

அப்பா விசாரித்து, செந்தூலில் இருந்த சிங்காரம் அண்ணனை ஏற்பாடு செய்தார். அதிகம் பேசாத மனிதர், வாசிப்பில் கெட்டிக்காரர். அவரையும் தவில்காரரையும் கல்யாணத்தன்று காலையில் வேனில் ஏற்றிவருவது என் பொறுப்பு. முதல் நாள் மருதாணிக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டே அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“நீ மேளத்த கூட்டிட்டு வா. அதோட நிறுத்திக்க. வேற எதையும் தொடாத லா.”

எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பற்றி அவளுக்கு இவ்வளவு கீழான எண்ணமா என்று நினைத்தேன். சரியான எண்ணமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு வருகிறவர்களில் ஒரு பல் டாக்டரும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். விருந்து முடிந்ததும் அவருக்குப் பசையைச் செய்து காட்டி ஓர் ஆர்டர் பிடித்துவிடலாம் என்று திட்டம். அதனால் அக்கா கல்யாணத்துக்குப் போகும் வேனிலும் இரும்புப் பெட்டியை ஏற்றினேன். (ஆமாம், வெட்கமாகத்தான் இருக்கிறது.) பின்சீட்டின் மேல் வைத்தேன். கீழே சிங்காரம் அண்ணன் தன் நாதஸ்வரத்தை உறையோடு ஓரமாகச் சாத்தி, பக்கத்தில் ஒரு துணிப்பையை வைத்திருந்தார். பெடரல் நெடுஞ்சாலையில் ஒரு லோரி குறுக்கே வர, நான் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். நாதஸ்வரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தவில்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். நானும் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

கிள்ளானில் மண்டபத்து வாசலில் வேனை நிறுத்தி, பெட்டியைத் தூக்கியபோதுதான் அதன் அடியில் துணிப்பை இருந்தது தெரிந்தது. சிங்காரம் அண்ணன் பையைப் பிரித்தார். உள்ளே இருந்தவை சீவாளிகள். நாதஸ்வரத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதுகிற சின்ன நாணல் துண்டு அது. இரண்டு இதழாகச் சப்பையாக இருக்கும், ஊதினால் இதழ்கள் அதிரும், அந்த அதிர்வுதான் நாதம். அது இல்லாவிட்டால் நாதஸ்வரம் ஓட்டை போட்ட மரம். காயட்டும் என்று எல்லாவற்றையும் கழற்றி அந்தப் பையில் போட்டிருந்தார்.

“ஏழு தம்பி. ஏழும் போச்சு.”

திட்டவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

சீவாளி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தபாலில் வர வேண்டுமாம். வேறு நாதஸ்வரக்காரரிடம் கேட்டு வாங்கலாமா என்றேன். அன்று பெரிய முகூர்த்த நாள், எல்லோரும் ஆளுக்கொரு மண்டபத்தில் இருந்தார்கள். மணி ஏழே முக்கால். ஒன்பதுக்கு மாப்பிள்ளை ஊர்வலம், பத்துக்கு முகூர்த்தம். அக்காவின் இரண்டு வருடக் காத்திருப்பு ஒரு துணிப்பைக்குள் நசுங்கிக் கிடந்தது. இதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அப்போது என் கண் இரும்புப் பெட்டியின்மேல் விழுந்தது. அந்த நிமிடத்தில் எனக்குள் இருந்த விற்பனையாளன் விழித்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணே, நான் சரி பண்ணித் தரேன் என்றேன். எந்தப் பதம் வேண்டுமோ அந்தப் பதத்தில் இறுக்கித் தருவதாகச் சொன்னேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

“வாயில வைக்கிற சாமானாச்சே?”

“வாயில வைக்கிறதுக்குன்னே செஞ்சது அண்ணே.”

அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அது.

மண்டபத்துச் சாமான் அறைக்குள் போனோம். தேங்காய்க் குவியல், அரிசி மூட்டை, வாழைத்தார். மைக்செட்காரரிடம் கெஞ்சி மின்சார ஒயர் வாங்கி இழுத்தேன். ஏழில் குறைவாக நசுங்கிய ஒன்றை எடுத்தோம். அதன் ஓரங்கள் பிளந்திருந்தன. மஞ்சள் மூடிப் பசை மூன்று பங்கு, சிவப்பு ஒரு பங்கு. தட்டில் குழைத்து, பிளவுகளின்மேல் பூசி, இதழ்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகினேன். பட்டுச் சட்டை, வேட்டி, முகத்தில் ஆரஞ்சுக் கண்ணாடி, கையில் துப்பாக்கி. கதவுப் பக்கம் குழந்தைகள் கூடிவிட்டார்கள். தேங்காய் எடுக்க வந்த ஐயர் என்னைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எடுக்காமலே போனார்.

நாற்பது விநாடி பாய்ச்சினால் ரொம்பக் கெட்டியாகிவிடும் என்று எனக்குப் பட்டது. எட்டே விநாடி. திருப்பி, அந்தப் பக்கம் எட்டு விநாடி. பிளாஸ்டிக் தாளை உருவினேன். சிங்காரம் அண்ணன் அதைத் துடைத்து, நாதஸ்வரத்தில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

என்ன ஒரு நாதம் தெரியுமா? அந்த அரிசி மூட்டைக்கு நடுவே மோகனம் ஓடியது. தவில்காரர் தன்னை மறந்து தொடையில் தட்டினார். சிங்காரம் அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார், பழைய சீவாளியைவிட இது இதமாக இருக்கிறது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் தீர்க்க முடியாத பிரச்சினை எதுவும் இல்லை என்று அவருக்கு ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். அதையும் பொறுமையாகக் கேட்டார்.

ஒன்பது மணிக்கு, தெரு முனையில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் இருந்து ஊர்வலம் புறப்பட்டது. மண்டபத்துக்கு நடந்தே வருவதாக ஏற்பாடு. பெண்ணின் தம்பி என்ற முறையில் மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பது என் வேலை. ஜரிகை வைத்த பெரிய குடை. தலைப்பாகையோடு அத்தான், அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவருடைய அப்பா. முன்னால் மேளம். சிங்காரம் அண்ணன் வாசிக்க வாசிக்க அத்தானின் அப்பா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். கால் தடுக்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவு லயிப்பு. அத்தான் என் காதில், எங்கப்பா இப்படிச் சந்தோசமா இருந்து பாத்ததே இல்ல என்றார். நான் குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

தையல் கடையைத் தாண்டும்போது அத்தானின் அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

“சுருதி ஏறுது தம்பி.”

எனக்குச் சுருதி தெரியாது. ஆனால் சுருதிப் பெட்டியின் ஒலி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்க, நாதஸ்வரம் மேலே போய்க்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. சிங்காரம் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. நாதஸ்வரத்தின்மேலும் அடித்தது. சீவாளியின்மேலும் அடித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'ஜன்னல் பக்கம் வைக்காதீங்க டாக்டர், வெயில் பட்டா குழாய்க்குள்ளயே இறுகிடும்' என்று திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு டாக்டர் விடாமல் எச்சரித்தவன் நான். நீலத் துப்பாக்கியை எட்டு விநாடியில் நிறுத்திவிட்டேன். சூரியனை எப்படி நிறுத்துவது?

குடையோடு ஓடினேன். மாப்பிள்ளையை நடுரோட்டில் வெயிலில் விட்டுவிட்டு, நாதஸ்வரக்காரருக்குக் குடை பிடித்த மைத்துனன் மலேசியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பின்னால் அத்தான் வீட்டுப் பெண்கள் என்னமோ கேட்டார்கள். அவருடைய அத்தை ஒருவர் தன் முந்தானையை எடுத்து மாப்பிள்ளை தலைக்கு மேல் பிடித்தார். நான் குடையை நாதஸ்வரத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நின்றபடி வாசிக்கட்டுமே, நிழலில் வாசிக்கட்டுமே என்று என்னென்னவோ உளறினேன். ஜரிகைக் குடைத் துணி வழியாகவும் வெளிச்சம் ஜம்மென்று இறங்கியது.

மருந்துக்கடை வாசலில் மோகனம் கீச்சென்று ஆனது. மண்டபத்து வாசலில் கொசு சத்தம். படியேறும்போது வெறும் காற்று. சிங்காரம் அண்ணன் கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க ஒருமுறை முழு மூச்சில் ஊதிப் பார்த்தார். பிறகு சீவாளியைக் கழற்றிப் பல்லால் கடித்துப் பார்த்தார். பல்தான் வலித்தது. எங்கள் விளம்பரத் தாளில் 'இயற்கைப் பல்லுக்கு நிகரான உறுதி' என்று போட்டிருந்தது. அதில் பொய் இல்லை.

“தம்பி, இது ஊதறதுக்கா, கடிக்கிறதுக்கா?”

மெதுவாக்க வழி இல்லை. ஒருமுறை இறுகினால் இறுகினதுதான், அதைத்தான் நான் ஒரு மாதமாகப் பெருமையாகச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன்.

மணவறையில் அக்கா வந்து உட்கார்ந்தாள். மேளம் இல்லாத மண்டபத்தில் ஐயரின் மந்திரம் மட்டும் கேட்டது. அவள் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. நான் நேராக அத்தானின் அப்பாவிடம் போனேன். அவர் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

“என்ன நடந்தது? உண்மையச் சொல்லும்.”

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டி விழுந்தது, ஏழு சீவாளி, மஞ்சள் மூடி, சிவப்பு மூடி, எட்டு விநாடி, வெயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். தப்பு என்னோடது அங்கிள், எங்கக்கா மேல எதுவும் இல்ல என்றேன். பக்கத்தில் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்றுதான் எல்லோருக்கும் பயம்.

அவர் கையை நீட்டினார். சீவாளியைக் கொடுத்தேன். நகத்தால் தட்டிப் பார்த்தார், டக் டக் என்றது. நாற்காலிக் கையில் தட்டினார், அப்போதும் டக் டக்.

“நல்ல சாமான். பல்லுக்குத் தோதா இருக்கும்.”

இதைச் சொல்லிவிட்டு எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் போய், கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

“தாலி சும்மா ஏறக் கூடாது. நான் பாடுறன்.”

ஐயர் கையைத் தூக்கினார். அத்தான் தாலியை எடுத்தார். அந்த மனிதர் கண்ணை மூடி 'தானா தனனா' என்று மோகனத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். பெரிய குரல் இல்லை, இரண்டு இடத்தில் பிசிறியது, ஆனாலும் எடுத்தார். சிங்காரம் அண்ணன் நாதஸ்வரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து வாயாலேயே வாசித்தார். தவில் பிடித்துக்கொண்டது. அப்புறம் எங்கள் அப்பா, வாழ்நாளில் ஒரு வரி பாடி அறியாதவர், திடீரென்று 'பீபீபீ, பீபீபீ' என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள், எங்கள் வரிசை பிடித்துக்கொண்டது, அத்தான் வீட்டு வரிசையில் முந்தானை பிடித்த அத்தை பிடித்துக்கொண்டார். மண்டபமே பீபீபீ என்றது. அட்சதை பறந்தது. ஐயர்கூடக் கடைசியில் வாயை அசைத்தார் என்று தவில்காரர் சத்தியம் செய்வார்.

அக்காவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சிரிக்கிறாள். அத்தானும் சிரித்த சிரிப்பில் முடிச்சைத் தவறவிட்டு இரண்டு தடவை போட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கால் வழிந்தது. அன்று அத்தானின் அப்பா பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பல் டாக்டர் என்னைத் தேடிவந்து, அந்தப் பசை உண்மையிலேயே அவ்வளவு கெட்டியா என்று விசாரித்தார். ஆர்டரும் கொடுத்தார். சிங்காரம் அண்ணனுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு டஜன் சீவாளி தருவித்துக் கொடுத்தேன், கையில் வாங்கியதும் நிழலுக்கு நகர்ந்து நின்றார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த வருடம் அத்தானின் தங்கை கல்யாணத்தில், நாயனம் பிரமாதமாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே, தாலி ஏறும் நேரத்தில் யாரோ விளையாட்டுக்கு 'பீபீபீ' என்று தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த கல்யாணத்திலும் அப்படியே. சில வருடங்களில் எங்கள் சொந்தக்காரர்கள் இதை யாழ்ப்பாணத்து வழக்கம் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் இது இந்தியத் தமிழர் வழக்கம் என்று நம்பினார்கள். மற்றவர் மனம் நோகக்கூடாது என்று இரண்டு பக்கமும் மரியாதையாகப் பாடினார்கள்.

போன வருடம் செமினியில் அக்கா மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் புதுச் சொந்தம், ஒன்றும் தெரியாதவர்கள். தாலியை எடுப்பதற்கு முன் இளம் ஐயர் ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்தக் குடும்பத்தின் பரம்பரை வழக்கப்படி இப்போது எல்லோரும் வாயால் மங்கள இசை எழுப்ப வேண்டும், இதற்குப் பெரிய தாத்பரியம் உண்டு என்று ஐந்து நிமிடம் விளக்கினார். புதுச் சம்பந்திகள் பயபக்தியோடு கைகூப்பினார்கள். அவர்களில் ஒரு பெரியவர் என்னிடம் குனிந்து, எத்தனை தலைமுறையாக இது நடக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

“ரொம்பக் காலமா நடக்குது அங்கிள். ஆரம்பிச்சு வச்சது இவன்தான், நீங்க இவன் காலத் தொட்டுக் கும்பிட்டுக்குங்க.”

அவர் நிஜமாகவே குனிந்தார்.